வெடிக்காத இடம்

— அப்ப கம்ப்யூட்டருக்குப் போர்டும் பிராசசரும் இதுதான் அண்ணாச்சி. பெண்டியம் ஃபோர். பாப்பா காலேஜ் முடிக்கிற வரைக்கும் அசையாது.

— எனக்கு இதுல என்னத்தத் தெரியும் மாரிராஜ் தம்பி? ரேணுகா என்ன கேக்காளோ அத மாட்டிக் குடு. தாயில்லாத பிள்ள.

— தாயில்லாத பிள்ளையா? அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான்னுதானப்பா ஊரெல்லாம் சொல்லுதீங்க.

— போனவ போனவதான் ஏட்டி. கார்த்திக மழையில சொல்லாமக் கொள்ளாமப் போனா, இன்னும் எட்டிப் பாக்கல. நீ வேலையப் பாரு தம்பி.

— சரி அண்ணாச்சி. பாப்பா, ரேம் எவ்வளவு போட? படிக்க மட்டும்னா சின்னதே போதும்.

— கேமும் விளையாடணும்ணே. கார் ரேஸ். பெருசாப் போடுங்க. கிராபிக்ஸ் கார்டும் தனியா வேணும்.

— போடு தம்பி, எல்லாம் போடு. எம்பிள்ள சிரிச்சு எத்தன நாளாச்சு.

— போட்டுருவோம். ஆனா கார்டு போட்டா வீட்டுல எர்த் சரியா இருக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா பெட்டியத் தொட்டதும் ஷாக் அடிக்கும், கார்டும் புகைஞ்சிரும்.

— அதுக்கு என்ன செய்யணும்?

— ஆழமா ஒரு குழி தோண்டி, இரும்புக் குழாய இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும். ஈரம் வேணும். இந்தச் சித்திரையில நம்ம கரிசல்ல ஈரத்துக்கு எங்க போக? பாளம் பாளமால்லா வெடிச்சுக் கெடக்கு.

— எங்க புறவாசல்ல இருக்குண்ணே. சுத்தியும் முழங்கை உள்ள போற அளவுக்கு வெடிப்பு. ஒரு இடம் மட்டும் வெடிக்காமக் கெடந்துச்சு. அப்பா தெனமும் குடம் குடமாத் தண்ணி ஊத்துவாக.

— பெறகென்ன, சோலி முடிஞ்சுது. அங்கன என்ன வச்சிருக்கீங்க அண்ணாச்சி?

— முருங்க.

— அங்கன ஒரு செடியும் இல்லண்ணே.

— வெத போட்டிருக்கேன் ஏட்டி, இன்னும் மொளைக்கல. தம்பி, நீ முன்வாசல்ல தோண்டு.

— முன்னால பூராவும் சிமெண்டுல்லா? மேச போட இடம் பாக்க வந்தப்பயே பாத்தேனே.

— அப்ப கம்ப்யூட்டரே வேண்டாம். எந்திரி ரேணுகா, போவோம்.

— இருங்க அண்ணாச்சி. இம்புட்டு ஆசையா எடுத்து வச்சிட்டு, ஒரு குழிக்கா வேண்டாங்கீங்க? தண்ணி குடிக்கீங்களா?

— தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் தம்பி. ஏட்டி, எந்திரின்னு சொல்லுதேன்லா.

— நான் வரலப்பா. மாரிராஜண்ணே, நீங்க ஆளோட எங்க வீட்டுக்கு வாங்க. குழி தோண்டணும்.

— என்ன பாப்பா, அப்பாதான் வேண்டாங்காகளே?

— அப்பா கடம்பூர்க் கல்யாணத்துல நாலஞ்சு நாளு தங்கிட்டு நேரா இங்கதாண்ணே வந்திருக்காக, இன்னும் வீட்டுக்குப் போகல. அவுக இல்லாத நாள்ல நான் தண்ணி ஊத்தாம விட்டுட்டேன். இன்னைக்கு விடியக்காலம் பாத்தேன், அந்த இடமும் வெடிச்சிருச்சு. உள்ள அம்மா வளையல் தெரியுது.