அமாவாசை விளக்கு

— நான் இன்னா சொல்றேன்னா தேவசேனா, கேசு வேணாம், ராஜியாப் போயிடலாம். ரயிலு புத்தூரு தாண்டி ரொம்ப நேரமாச்சு. திருப்பதி கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள லாயருக்கு ஒரு போன் போட்டுட்டா போதும்.

— எதுக்கு ராஜி, யோகேஷண்ணா? நம்ம நகரித் தறிக்காரங்களுக்காக நான் வரைஞ்ச போன் ஆப்பு ஸ்க்ரீன அப்படியே எடுத்து, அந்த பெங்களூரு கம்பெனி தன்னோட ஆப்புன்னு வித்துக்கினு கீது. பெரிப்பா மவன், கூட்டாளி, நீயே இப்படிப் பேசறே.

— கட்டம் கட்டமா மெஷினு. ஓடினா பச்சை, நின்னா சிவப்பு. இத யாரு வேணா வரையலாம்னு அவுங்க லாயரு சொல்லுவாரு, ஜட்ஜும் தலையாட்டுவாரு. அவுங்க பெரிய ஆளுங்கம்மா. நம்மகிட்ட இன்னா கீது? நீயும் நானும், ஆளுக்கொரு லேப்டாப்பும்.

— ஆட்டட்டும். நேத்து நான் நாயுடுபேட்டை போயிருந்தேன், அவுங்க ஆப்பு போட்டிருக்கிற ஒரு பேக்டரிக்கு.

— நேத்தா? எங்கிட்ட சொல்லவே இல்லியே.

— பிளாஸ்டிக் குடம் செய்யறாங்க அங்க. மெஷினெல்லாம் ஓடிக்கினுதான் கீது. ஆப்புல பாத்தா எல்லாக் கட்டமும் இருட்டு, நடுவுல ஒரு விளக்கு எரியுது. மாசத்துக்கு ஒரு நாளு இப்படித்தான் ஆவுது, ஏன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியலன்னு சூப்பர்வைசரு தலையில அடிச்சுக்கினாரு. நேத்து இன்னா நாளுண்ணா?

— அமாவாசை.

— அமாவாசைக்குத் தறிய நிறுத்தறது நம்ம பழக்கம், அதுக்குத்தான் நான் அந்த விளக்க வரைஞ்சேன். குடம் செய்யறவனுக்கு அது எதுக்கு? இன்னா ஏதுன்னு தெரியாமயே அதையும் சேத்துக் காப்பியடிச்சு வெச்சிருக்கான்.

— அட, இது நல்ல சாட்சியாச்சே. முன்னாடியே சொல்றதுக்கின்னா? அப்ப நம்ம ஆப்ப யாரோ போன்ல போட்டுப் பாத்துத்தான் திருடியிருக்காங்க.

— நம்ம ஆப்புல விளக்கு இல்லியேண்ணா.

— இல்லியா?

— அமாவாசைன்னு எங்களுக்குப் போன் வந்து சொல்லணுமான்னு தறிக்காரங்க சிரிச்சாங்க. அதான் ஆப்ப வெளிய விடறதுக்கு முன்னாடியே நான் அதத் தூக்கிட்டேன். விளக்கு இருந்த பழைய ஸ்க்ரீனு ரெண்டே லேப்டாப்புலதான் கீது. ஒண்ணு என்னுது.

— தேவசேனா, நான் இன்னா சொல்றேன்னா...

— எங்கிட்ட வேணாம். ரேணிகுண்டா வந்திடுச்சு, அடுத்தது திருப்பதிதான். அங்க ஜட்ஜுகிட்டச் சொல்லு, மொத சாட்சியா உன் பேரத்தான் குடுத்திருக்கேன்.