சாஞ்சு வர்ற சிக்னல்

...பின்ன, காத்தத்தானே குத்தம் சொல்லணும்? தாடைய இந்தக் கண்ணு பாக்கற மிஷின்ல வைங்க சார். ஆடாதீங்க... ஆங், அப்படித்தான்.

என் வீட்டுக்காரி கப்பல்ல டாக்டர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு டாக்டர் பொண்டாட்டியான்னு எங்க மாமனாருக்கு இன்னும் செரிக்கல, அது வேற கதை. கப்பல் இப்ப வடக்க, பனிக்கடல்ல நிக்குது. சாட்டிலைட் போன்லதான் பேச்சு. அந்த சாட்டிலைட் நமக்கு உச்சந்தலைக்கு மேல. அவளுக்கோ தொடுவானத்த ஒட்டி, கடலுக்கு மேல நாலு விரக்கடைதான் ஒசரம். ரோட்ட நேரா தாண்டறது வேற, கோணலா தாண்டறது வேற இல்லையா? சிக்னலும் அப்படித்தான். சாஞ்சு வந்தா அத்தன காத்தையும் ஈரத்தையும் மேகத்தையும் கடந்து வரணும். வழியில வளையுது, மங்குது, நடுங்குது. அடிவானத்துல நட்சத்திரம் துடிக்குமே, அதே சங்கதி. மேல பாருங்க... இப்ப கீழ.

ஒருநாள் 'கரடி வந்துச்சு'ன்னு கேட்டுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கடைசில பாத்தா, 'கரண்ட் வந்துச்சு'ன்னிருக்கா.

போன வாரம், 'இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க, எனக்கும் ஆசதான், நீ என்ன சொல்றே?'ன்னா. நான் 'ஹலோ, ஹலோ, கேக்கல'ன்னேன். லைன் போச்சு. அவ என்ன பண்ணா தெரியுமா? ஆன்டெனா மேல பனி படிஞ்சிருக்கும்னு ஏறித் தொடைக்கப் போயி, வழுக்கி, கணுக்கால் பிசகிடுச்சு. கப்பலுக்கே வைத்தியம் பாக்கறவ, தன் காலுக்குத் தானே கட்டுப் போட்டுக்கிட்டா.

இந்த வரி தெரியுதா? ம்.

அன்னைக்கும் ஊரெல்லாம் காத்து மேலதான் பழி போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். நெசத்த உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... அன்னைக்கு ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு சார். அவ மூச்சு விடறது கூட. வேணாம்னு சொல்ல வாய் வரல, சரின்னு சொல்ல மனசு வரல. நானேதான் போனைக் கட் பண்ணேன்.

நேத்து மறுபடி கூப்பிட்டா. 'இப்பயாவது கேக்குதா?'ன்னா. அன்னைக்கே கேட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டேன். திட்டுவான்னு பாத்தா, திட்டல. 'இருந்துட்டு வா, நான் பாத்துக்கறேன்'ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

'கேக்கலையா?'ன்னேன்.

'கேக்கல, இன்னொரு தடவ சொல்லு'ன்னா.

மூணு தடவ சொல்ல வெச்சா சார். அவ சிரிக்கிறது மட்டும் பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி கேட்டுச்சு.