தவிட்டு நிறமாகத் தெரிந்த சேலை

பெயர் அருணகிரி, வயது 67, தந்தை பெயர் சிங்காரம். ஜமுனாமரத்தூரில் புகைப்பட நிலையம் நடத்தி வருகிறேன். நாள்தோறும் திருமுறை ஓதிய பின்னரே கடை திறப்பவன்; அந்த நாவினால் சொல்வது யாதெனில்:

கடந்த 14.03.2025 அன்று மாலை நான்கு மணியளவில் எங்கள் ஊர் சுந்தரம்மாளின் புளிக் கொட்டகை எரிந்தது. பறவைகளைப் படமெடுக்க எதிர்மரத்தில் நான் கட்டியிருந்த கேமராவில், எரியும் ஓலையுடன் கொட்டகைக்குள் நுழையும் ஒரு பெண்ணின் முதுகுப்புறம் பதிவாகியிருந்தது. காவல் உதவி ஆய்வாளர் கேட்டபடி அந்த மூலப்பதிவை மென்பொருளில் படமாக மாற்றி அச்செடுத்து, படத்தில் எவ்வித மாற்றமும் செய்யவில்லை என்று சான்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். சேலை தவிட்டு நிறமாகத் தெரிந்தது. பிறகு அங்கே கூலி வேலை செய்த ரத்தினம்மாளைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

"தவிட்டு சேல கட்னவங்கல்லாம் தீ வச்சவங்களா? நான் இல்லீங்க. படம் எடுத்தவரு நீங்களாவது சொல்லுங்கய்யா" என்று அவர் என்னிடம் கேட்டார். பதினோரு நாளாக அவர் சிறையில் இருக்கிறார்.

அதன் பிறகு 25ஆம் தேதி, மாலை நான்கு மணிப் படத்தில் அந்தியிருள் எப்படி வந்தது என ஐயுற்று மூலப்பதிவைத் திறந்தேன். கேமரா ஒளியை உள்ள அளவிலேயே எழுதும். நம் கண்ணுக்கு ஏற்றவாறு திரையில் காட்ட, நிறவெளியை, அதாவது நிறங்களைக் குறிக்கும் முறையை, மாற்றும்போது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் 'காமா' என்னும் திருத்தமும் செய்ய வேண்டும். அதை நான் விட்டிருந்தேன். திருத்தியதும் இருள் விலகியது. ஆரஞ்சு நிறம் இருண்டால் தவிட்டு நிறமாகத் தோன்றும். அது ஆரஞ்சுச் சேலை. கரையில் அன்னப்பட்சி வரிசையும் தெரிந்தது. இரண்டு நாள் திருமுறையைத் திறக்கவில்லை.

பிறகு இன்று காலை திருத்திய படத்தை உதவி ஆய்வாளரிடம் காட்டிச் சொன்னேன்.

"இன்னா பெரியவரே, அன்னிக்கு மாத்தலன்னு கையெழுத்து போட்டீங்க. இன்னிக்கு மாத்தி எடுத்தாந்து இதான் நெசம்ன்றீங்க. பொய்ச் சான்று குடுத்தீங்கன்னு உங்களத்தான் உள்ள வைக்கணும். வூட்டுக்குப் போங்க, நான் எதுவும் கேக்கல" என்றார்.

ஆய்வாளர் வரும்வரை நான் எழவில்லை.

சேலை யாருடையது என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. தை மாதம் செங்கத்தில் நான் எடுத்துக் கொடுத்த சேலை அது. படத்தில் இருப்பவர் என் மகள் தமிழரசி. அவர் இப்போது என் வீட்டில் இருக்கிறார்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னவாறே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சி. அருணகிரி
27.03.2025