முழுத்தொண்டைப் பதிவு

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவோம், மாப்பிள்ளை. அதன் இரைச்சல் உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். கதவை நீங்கள் தாழிட்டதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மருத்துவரைச் சந்தித்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் முகமே சொல்கிறது. என் தங்கையின் கணவர் என்ற முறையில், நடந்ததை என் வாயால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் சேமித்துள்ள ஒவ்வோர் ஒலியையும் எங்கள் தொழிலில் ‘வாய்ஸ்’ என்போம். புல்லாங்குழலைப் போலவே மனிதக் குரலையும் சேமிக்கலாம். ஒருவரை ‘ஆ’ என்று பாடச் செய்து, அப்பதிவைக் கட்டையில் ஏற்றினால், கட்டையைத் தொடும்போதெல்லாம், விரலை எடுக்கும்வரை அவர் பாடிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரே பதிவை எல்லாக் கட்டைகளுக்கும் இழுத்துப் பொருத்தினால், மேலே எலி கீச்சிடும். கீழே கிணற்றுக்குள்ளிருந்து பூதம் பேசும். ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிதல் வேண்டும். அதிலும் மென்மையாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, முழுத்தொண்டையில் ஒருமுறை. விரல் மெல்லத் தொட்டால் மெல்லிய பதிவும், ஓங்கி அழுத்தினால் முழுத்தொண்டைப் பதிவும் ஒலிக்கும். குரல் இம்மியும் அசையாமல் நெடிது நிற்கவேண்டும். சோம்பேறிகள் நடுத்தரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அத்தகையவன் அல்லேன்.

உங்கள் மனைவி மேடையேறிய நாள் முதலாக அவளுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தவன் நான். அவள் எவ்விடத்தில் இழுப்பாள், எவ்விடத்தில் விடுவாள் என்பது அவளுக்குத் தெரியுமுன்னரே என் விரல்களுக்குத் தெரியும். உங்களுக்கு வேற்றூரில் வேலை கிடைத்தது. அங்குள்ள இசைக்குழு அவளை அழைத்தது. அக்குழுவில் கீபோர்டு வாசிப்பவர் ஏற்கெனவே இருந்தார். இதனை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“கவலைப்படாதேண்ணா. உன் பெட்டிக்கு வேற நல்ல வரனாப் பார்த்துடலாம்.”

நானும் சிரித்தேன். போவதற்கு முன் குரலைப் பதிந்து தரும்படி கேட்டேன்.

“அவ்வளவுதானா? எடுத்துக்கோ. நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்?” என்றாள்.

எனவே களவு என்று நீங்கள் சொல்வது பொருந்தாது. அவளாகவே கொடுத்தாள்.

இந்த அறையில்தான் பதிந்தோம். சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்தேன், சன்னல் இடுக்கில் தலையணை அடைத்தேன், குளிர்சாதனப் பெட்டியையும் அணைத்துவிட்டேன். மென்மையும் நடுத்தரமும் நன்கு முடிந்தன. முழுத்தொண்டைக்கு வந்தபோது அவள் குரல் கம்மியது. நான்தான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவள் அதிகம் பேசலாகாது என்று அவர் சொன்னதால், அங்கே என் எண்ணைக் கொடுத்திருந்தோம். ஆகவே சோதனை முடிவை மருத்துவர் தொலைபேசியில் என்னிடம் தெரிவித்தார்.

“தொண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. இப்போ கத்திப் பாடினா கிழிஞ்சு தழும்பாயிடும். அப்புறம் பாட்டே கிடையாது. புரியுதா சார்?”

“நல்லாவே புரியுது, டாக்டர்.”

இந்த அறையின் வாசற்படியில் நின்றிருந்தவள், என்ன என்று கையால் கேட்டாள்.

“ஒண்ணுமில்லையாம். வெறும் சூடுதானாம். பாடப் பாடச் சரியாயிடுமாம்” என்றேன்.

“பார்த்தியா? அவர்தான் சும்மா பயந்து சாகறாரு” என்றாள். உங்களைத்தான் சொன்னாள்.

தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று அப்போது நான் எண்ணிக்கொண்டேன். போகப்போகும் குரலைப் பத்திரப்படுத்துவது அண்ணனின் கடமை அன்றோ?

பதிவின் நடுவே நீங்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

“என்ன மச்சான், டாக்டர் என்ன சொன்னாரு?”

“பயப்பட ஒண்ணுமில்லை, மாப்பிள்ளை. இதோ பாடிட்டுத்தான் இருக்கா, நீங்களே கேளுங்க.”

கைப்பேசியை அவள் பக்கம் நீட்டினேன். அவள் உங்களுக்காகவே ஒரு சுரத்தை ஓங்கிப் பாடிக் காட்டினாள். நீங்கள் மகிழ்ந்தீர்கள்.

மேற்சுரங்களுக்கு வந்தபோது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, உள்ளே முள்ளு குத்தற மாதிரி இருக்கு. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாமே.”

“நாளைக்கு வெச்சா குரலோட நிறம் மாறிடும்மா. இதுவரைக்கும் எடுத்ததோட ஒட்டாது. இன்னும் கொஞ்சந்தான்.”

அதில் பொய் ஏதுமில்லை. மறுநாட் குரல் ஒட்டாதுதான். வெந்நீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நின்றாள். அடுத்த சுரம் அசைந்தது. மறுபடி என்று விரலை உயர்த்தினேன். பாடினாள். அதற்கடுத்ததும் அசைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் விரலை இறக்கவில்லை. உச்சச் சுரத்தைப் பிடித்து நின்றபோது, நான் மாட்டியிருந்த ஹெட்போனில் மெல்லிய துணி கிழிவதுபோல ஒன்று கேட்டது. பெரிய ஓசை அன்று. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. குரல் மட்டும் வரவில்லை.

பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். கிழிவதற்கு முந்தைய பகுதி வேண்டிய நீளம் இருந்தது. அதன்பிறகுதான் அவளுக்கு நாற்காலி போட்டேன்.

அன்று தொலைபேசியில் மருத்துவர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு, நீங்கள் அறிந்ததுதான். ஒரு மாதம் வாய் திறவாமல் இருந்தால் பழைய குரல் முழுமையாகத் திரும்பிவிடும், மருந்துகூட வேண்டாம் என்றார். உள்ளபடி சொன்னால், அன்று வெள்ளம் கணுக்காலளவே இருந்தது. அவள் தேறியிருப்பாள், தேறியதும் உங்களோடு போயிருப்பாள். புதிய ஊர் அவளைக் கேட்டிருக்கும், நீங்கள் கேட்டிருப்பீர்கள். இழப்பு எனக்கு ஒருவனுக்கே ஆகியிருக்கும். அது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

சென்ற வாரம் அவளை இங்கு விட்டுச் சென்றீர்கள் அல்லவா? முடிந்த வாய்ஸை அவளிடமே வாசிக்கக் கொடுத்தேன். ஒரு கட்டையை மெல்லத் தொட்டாள். பிறகு ஓங்கி அழுத்தினாள். விரலை எடுக்காமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். காற்றாக மட்டும் வரும் அந்தப் பேச்சில் சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்லைண்ணா. நான்னா நடுவுல மூச்சு விடுவேன்.”

அவள் செவி கூர்மையானது. பதிவுகளைச் சுத்தம் செய்தபோது, மூச்சொலிகளையெல்லாம் அழுக்கென்று கருதி நானே வெட்டி எறிந்திருந்தேன். பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் எங்கு அழைத்துச் சென்றாலும் மறுக்காமல் வருவேன், மாப்பிள்ளை. அதற்கு முன்னர் ஒரேயொரு நாள் அவளை இங்கு அனுப்பிவையுங்கள். அவள் பாடவேண்டியதில்லை, அவளிடம் நான் வாங்கவேண்டியது இனி மூச்சு ஒன்றுதான்.