குடிபுகாத கல்லறை

ஆளுநரே, புது வீடு கட்டியவனுக்கு யாராவது வந்து தங்கினால்தான் மனம் ஆறும். நான் கட்டியது கல்லறை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சாம்பிராணி வியாபாரி. என் மூக்கை ஹெக்ரா நகரம் முழுவதும் மெச்சும்; மூளையைப் பற்றி அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்துக் கல்லறையைவிட ஒரு முழமாவது உயரமாக வேண்டும் என்று பாறையைக் குடையச் சொன்னேன். வாசலுக்கு மேலே கழுகு. அதன் கீழே, மக்களை நேசிக்கும் நம் அரசரின் பெயர், என் பெயர், அந்நியரை இங்கே புதைப்பவனைத் துஷாரா தெய்வம் சபிக்கட்டும் என்ற வாசகம். எல்லாம் முடிந்தது. சாகத்தான் ஆள் இல்லை.

இருமி இருமி எலும்பாகியிருந்த சித்தப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். உள்ளே சுற்றிப் பார்த்தவர், "என்னா குளுகுளுன்னு இருக்கு. பார்த்ததுமே தெம்பு வந்துருச்சுடா" என்றார். அன்றோடு இருமலும் நின்றது. இப்போது ஒட்டகம் ஏறுகிறார்.

மற்றவர்கள் தங்கள் கல்லறை முற்றத்தில், இறந்தவர்களை நினைத்து விருந்துண்டார்கள். நானும் ஆடு அறுத்து, பேரீச்சை மது ஊற்றி விருந்து வைத்தேன். என் மனைவி ஹாகிருவின் தம்பி ஷுல்லை கிண்ணத்தோடு எழுந்தான்.

"அத்தான், படையல் யாருக்கு? உள்ள இருக்குற பல்லிக்கா?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அதன்பின் சந்தையில் எனக்குப் 'பல்லிக் கல்லறைக்காரர்' என்று பெயர். நான் பொருட்படுத்தவில்லை.

ஷுல்லைக்குச் சொந்தமாகக் கல்லறை கிடையாது. பெருந்தன்மையோடு அவன் பெயரையும் வாசலுக்கு மேலே செதுக்கச் சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிண்டல் பண்ணுனத மனசுல வச்சுக்காதீங்க அத்தான். எம்பேர ஒரு தடவ தொட்டுப் பார்த்துக்கட்டுமா?" என்றான். ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் விரல் எழுத்தில் பட்டதும் இழுத்தேன்.

அதிலும் என் திறமையைப் பாருங்கள், இடுப்பு மட்டும்தான் உடைந்தது. வலியில் முனகியவன், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஒரு ஏணியக்கூட உருப்படியா பிடிக்கத் தெரியலயே அத்தான்."

கல்தச்சனின் சுத்தியல் பக்கத்தில் கிடந்தது.

அடக்கம் சிறப்பாக நடந்தது, நீங்களே வந்திருந்தீர்கள். உடலுக்கு வெள்ளைப்போள வாசனைப் பிசின் பூசத் துணியை விலக்கிய ஹாகிரு மட்டும் என்னிடம் கேட்டாள்: "இடுப்பு ஏணியால ஒடஞ்சுதுங்க. வாய் எதால?" கேட்ட கையோடு உங்களிடம் வந்துவிட்டாள்.

காலியாகக் கிடக்கும் கல்லறை துஷாராவுக்கு அவமரியாதை. அதற்காகத்தான் செய்தேன். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் மூச்சு நின்ற பிறகும், நான் நிதானமாக அந்த வாயில்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.