பேச்சியம்மாவின் பழைய சொட்டு மருந்து

கண் சொட்டு மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். தொழிலாளர் லயத்தில் பேச்சியம்மாவின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. அதனால் அவருடைய பழைய மருந்தை நான் வாங்கி வைத்துக்கொண்டதில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன், ஐயா.

லிந்துலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கண் அழுத்த நோய்க்கு ஒரு புதிய சொட்டு மருந்தை அங்குள்ள கிளினிக்கில் சோதித்தோம். அழுத்தத்தை அளந்து பதிவது என் வேலை. ஆய்வில் சேர வருபவர் பழைய மருந்தை நான்கு வாரம் நிறுத்த வேண்டும். அதன்பின் அழுத்தம் இருபத்துநான்கைத் தொட்டால் சேர்க்கலாம். தொடாவிட்டால் பழைய மருந்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

இருபது பேர் தேவை. பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒருவர் குறைந்தாலும் எங்கள் கிளினிக்கை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். நம்முடைய ஆட்களின் கண்களும் ஓர் ஆய்வில் இடம்பெற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான்காம் வாரம் பேச்சியம்மாவுக்கு இருபத்திரண்டு.

"இன்னும் ஒரு மாசம் மருந்து போடாம இருங்கக்கா," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் மிஸ். நம்ம தோட்டத்துப் புள்ள, பொய்யா சொல்லப் போறீங்க?"

எட்டாம் வாரம் இருபத்துமூன்று. அன்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வலது பக்கத்துக் கொழுந்த அப்படியே விட்டுட்டுப் போறேனாம் மிஸ். கண்ண லயத்துலயே வச்சிட்டு வந்தியான்னு கங்காணி கேக்குறாரு."

நான் உயிரியல் பட்டதாரி. இந்த நோயில் பக்கப் பார்வைதான் முதலில் போகும் என்று எனக்குத் தெரியும். ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரை அழைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேசக் கூச்சம். வலி இருக்கிறதா என்று மட்டும் பேச்சியம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார். முறைப்பாடு எதுவும் இல்லை என்று பதிந்தேன். இந்த நோய் வலிக்காது, ஐயா.

இன்னுமொரு மாதம் நிறுத்தச் சொன்னேன். பன்னிரண்டாம் வாரம் முப்பத்தொன்று. மருந்து நிறுத்திய காலம் நான்கு வாரம் என்று எழுதி அவரைச் சேர்த்தேன்.

புதிய மருந்து அருமையாக வேலை செய்தது. அழுத்தம் பதினைந்துக்கு இறங்கியது. ஏற்கெனவே மெலிந்திருந்த பார்வை நரம்பு மட்டும் அதற்குள் செத்திருந்தது. கொழுந்துக் கூடையோடு மலையில் வடிகால் கானுக்குள் விழுந்தார். இப்போது வேலைக்குப் போவதில்லை. என் குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொள்கிறார். "வாங்க மிஸ்," என்று கதிரையைத் தடவிப் பார்த்து இழுத்துப் போடுகிறார்.

அவருடைய பார்வையைப் பறித்தது நான்தான். அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய பொருளை நான் வீணாக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரை உடைக்காத இரண்டு போத்தல்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒரு நாள்கூட எட்டு டிகிரிக்கு மேல் போக விட்டதில்லை.