சின்னத் திறப்பு

– நிப்பாட்டு யாகோப்பு, மெசினை நிப்பாட்டு! ஒரு மணியாச்சு.

– இன்னும் ஒரே ஒரு ஓட்டைதான் அல்பேர்ட் அண்ணை. அரை நிமிசம்.

– அந்த அரை நிமிசத்துக்குள்ள கீழ்வீட்டுக் கெல்லர் அம்மா தும்புத்தடியால இடிக்கத் தொடங்கிடுவா. ஒண்டில இருந்து மூண்டு மட்டும் சத்தம் போடக் கூடாது. இந்த நாட்டில மனுசரை விட மத்தியான நித்திரைக்குத்தான் மரியாதை கூட, விளங்குதே?

– செவ்வாய்க்கிழமை துவக்கு லைசென்ஸ் கந்தோர் ஆள் பாக்க வாறான் அண்ணை. இந்த இரும்பு அலுமாரி சுவரோட இறுகி நிக்க வேணும். இல்லாட்டி முதலாம் மாடி லிண்ட்னர் ஐயா சாகேக்குள்ள எனக்கெண்டு எழுதிவைச்ச துவக்கை அவன் கொண்டு போயிடுவான்.

– செவ்வாய்க்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு. முதல் நீ இறுக்கினதைப் பிடிச்சு இழுத்துப் பார்.

– ஏன், நல்லாத்தானே... ஐயோ, ஆணி டூபலோட கழண்டு வருது!

– வரத்தானே செய்யும். கீழ கொட்டின தூளைப் பார். சிவப்பு. உள்ளுக்குக் கோறையான கல்லு இது. ஆணி பிடிக்க ஓட்டைக்குள்ள நீ செருகின பிளாஸ்டிக் டூபல் கொங்கிறீட்டுக்குப் போடுறது.

– மன்னாரில எங்கட வீட்டில ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சுவருக்குள்ள அடிச்சு, அதில ஆணி இறுக்கினால் ஆனையையும் கட்டலாம்.

– ஆனையைக் கட்டலாம். இதைக் கட்ட ஏலாது. தொண்ணூற்றைஞ்சு கிலோ. மூண்டு மாடி தூக்கின என்ர முதுகைக் கேள், சொல்லும்.

– புதுசு ஆயிரத்து இருநூறு மார்க் அண்ணை. இது பேப்பர் விளம்பரத்தில இருநூற்றெண்பது. எட்டுப் பேருக்கு ரெலிபோன் எடுத்துக் கதைச்சனான். ஒண்டுக்குக் கதவு கோணல், ஒண்டு முழுக்கக் கறள், ஒண்டுக்குப் பூட்டுத் திறப்பு ஒண்டுதான். இதுக்குப் பெரிய திறப்பு ரண்டு, தோட்டா வைக்கிற உள்பெட்டிக்குச் சின்னத் திறப்பு ரண்டு. கணக்குச் சரி.

– எங்கட பட்டறையில கழிச்சு விட்ட உடுப்பு அலுமாரியை எடுத்திருந்தால் ஒரு சதமும் செலவில்லை.

– அது தகரம் அண்ணை. மீன் ரின்னை வெட்டுற மாதிரி வெட்டலாம். கந்தோர் ஆள் சிரிப்பான்.

– ஒரு பழைய வேட்டைத் துவக்குக்கு இவ்வளவு பாடே?

– இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருசம். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கின அண்டையில இருந்து எல்லாம் நான் கேட்டு, படிவம் நிரப்பி, வரிசையில நிண்டு வாங்கினதுதான். கேளாமல் ஒருத்தர் தந்தது இது ஒண்டுதான் அண்ணை. இவ்வளவு நாளும் என்ர கட்டிலுக்குக் கீழ, கம்பளியில சுத்திக் கிடந்தது. இனி அதுக்கும் ஒரு வீடு.

– இஞ்சாருங்கோ, தேத்தண்ணி கொண்டு வந்திருக்கிறன். அல்பேர்ட் அண்ணை, உங்கட கோப்பையில சீனி இல்லை.

– வாரும் ஜெயமலர். உம்மட மனுசன் சுவரை அரிதட்டாக்கிப் போட்டான்.

– வீட்டுக்காரனிட்டைக் கடிதம் வாங்கித்தான் துளைக்கிறன் அண்ணை. நாலு ஓட்டைக்கு அனுமதி.

– அப்ப இன்னொரு கடிதம் எழுது. நான் எண்ணினதில ஏழு.

– ஜெயா, கடை ரண்டு மணிக்குப் பூட்டிடுவான். நான் சைக்கிளில ஓடிப்போய்க் கோறைக்கல்லு டூபல் வாங்கிக்கொண்டு வாறன். அண்ணை, எத்தினை மில்லிமீற்றர்?

– பன்னிரண்டு. வலை மாதிரி நீட்டுக் குழாயும், உள்ளுக்கு விடுற பசையும் எண்டு கேள். கடைக்காரனுக்கு விளங்கும்.

– வெளியில குளிர். சாம்பல் ஜக்கெற்றைப் போடுங்கோ. கறுப்புக் கோட்டை எடுக்காதையுங்கோ, தூசி தட்ட வைச்சிருக்கிறன்.

– ஓம், ஓம். அண்ணை, நான் வாறதுக்குள்ள உள்பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுப் பாருங்கோ. சின்னத் திறப்பு ரண்டும் மேசையில கிடக்கு.

– போயிட்டான். படியில கேக்குதே? ரண்டு ரண்டு படியாப் பாயுறான், பதினெட்டு வயசுக்காரன் மாதிரி.

– அண்ணை, அவர் வாறதுக்கு முதல் உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும்.

– சொல்லும் பிள்ளை.

– அந்தச் சின்னத் திறப்பு ரண்டும் அவரிட்டை இருக்க வேண்டாம்.

– அப்ப ஆரிட்டை? உம்மட்டையும் இருக்கக் கூடாது. துவக்கு ஆற்ர பேரிலயோ அவர் மட்டும்தான் திறக்கலாம் எண்டு கந்தோர்க் கடிதத்தில கிடக்கு.

– எனக்கு வேண்டாம். நீங்கள் கொண்டு போங்கோ.

– மகன் ஜூலியனுக்குப் பயப்பிடுறீரோ? அவனுக்கு ஒம்பது வயசு. பதினொரு வருசம் பூட்டுப் பட்டறையில நிக்கிறன், என்னாலயே இதைத் திறப்பில்லாமல் திறக்க ஏலாது, விளங்குதே?

– ஜூலியனுக்கில்லை.

– கள்ளனுக்கோ? கள்ளன் வந்தால் உம்மட ரீவியைத் தூக்குவான். தொண்ணூற்றைஞ்சு கிலோவைத் தூக்க அவனுக்கென்ன, என்னை மாதிரி விசரே?

– பகிடி விடாதையுங்கோ அண்ணை. அவர் வேலை செய்த மர ஆலை மாசியில பூட்டினது உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு அவர் எப்பிடி இருந்தவர் எண்டு தெரியுமோ?

– கோயில் பாடற்குழுவுக்கு வரேல்லை. தொண்டை சரியில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்.

– பொய் சொன்னனான். தொண்டைக்கு ஒண்டுமில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பார். சவரம் இல்லை, குளிப்பு இல்லை. டொக்டரைப் பாக்க நாள் கேட்டு டெர்மின் எடுத்தன். எனக்கென்ன விசரோ எண்டு கத்திப்போட்டு வரேல்லை. கட்டிலால எழும்பினால் முதலாம் மாடிக்கு இறங்கி லிண்ட்னர் ஐயாவுக்குச் சாப்பாடு குடுக்க மட்டும்தான். அந்த ஐயாவும் ஆவணியில செத்துப்போனார்.

– இப்ப நல்லாத்தானே இருக்கிறான். முகம் வழிச்சிருக்கிறான். வாய் ஓயுதில்லை.

– அலுமாரி வேணும் எண்டு கடிதம் வந்த அண்டைக்குத்தான் எழும்பினவர். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தார். கீழ நிலவறையில வைச்சால் ஈரத்தில கறள் பிடிக்கும், அறை மூலையில வைப்பம் எண்டு எனக்குப் படம் கீறிக் காட்டினார். எட்டுப் பேருக்கு ரெலிபோன் எடுத்தன் எண்டு சொன்னாரெல்லே? ஒவ்வொருக்காலும் நிமிர்ந்திருந்து, தன்ர முழுப் பேரையும் சொல்லிக் கதைச்சார். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். ஏழு மாசத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

– அப்ப சந்தோசப்படுமன்.

– எனக்கெண்டால் அந்தத் துவக்கு இண்டைக்கே வெளியில போக வேணும். போனால் அவர் திருப்பிக் கட்டிலில விழுவார். இருந்தால்... அண்ணை, அந்த உள்பெட்டியைத் திறந்து தோட்டாவை எண்ணுங்கோ.

– இதிலை என்ன எண்ணுறது... ஏழு, எட்டு, ஒம்பது. மட்டைப் பெட்டியில பத்து எண்டு போட்டிருக்கு. ஒண்டை லிண்ட்னர் ஐயா சுட்டிருப்பார்.

– ஐயாவின்ர மகள் கொண்டு வந்து தரேக்குள்ள பெட்டி உடைக்காமல் ஒட்டினபடி இருந்தது. நான் கண்டனான்.

– அப்ப பத்தாவது?

– கலியாணம் முடிச்ச நாளில இருந்து ஞாயிற்றுக்கிழமையில அவற்ர கறுப்புக் கோட்டுப் பைக்குள்ள செபமாலை வைக்கிறது நான்தான். அவர் கோயிலுக்கு வராவிட்டாலும் வைக்கிறனான். போன ஞாயிறு கையை விட்டன். அதுக்குள்ள கிடந்தது.

– யேசுவே! அவனிட்டைக் கேட்டனீரோ?

– இல்லை. எடுத்து அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டன். அவரும் கேக்கேல்லை.

– என்னட்டை ஏன் முதலே சொல்லேல்லை?

– சொன்னால் நீங்கள் அலுமாரி தூக்க வந்திருக்க மாட்டியள்.

– வந்திருப்பன். ஆனா அலுமாரியைத் தூக்கியிருக்க மாட்டன், துவக்கைத்தான் தூக்கியிருப்பன். சரி. திங்கக்கிழமை இவனை எங்கட பட்டறை மாஸ்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். கூட்டித் துடைக்கிற வேலையெண்டாலும் பரவாயில்லை, காலமை எழும்ப ஒரு காரணம் வேணும். அந்த டொக்டரிட்டையும் நீர் திரும்ப ஒரு டெர்மின் எடும், இந்த முறை நான் காரில ஏத்திக்கொண்டு போறன். விளங்குதே?

– திறப்பு?

– இந்தா, ரண்டும் என்ர சட்டைப் பைக்குள்ள. கேட்டால், ஒண்டு பூட்டுக்குள்ள முறிஞ்சு போச்சு, மற்றதை அராவப் பட்டறைக்குக் கொண்டு போறன் எண்டு சொல்லுறன்.

– நீங்கள் பொய் சொன்னால் அவர் கண்டுபிடிச்சிடுவார் அண்ணை.

– எட்டு மாசம் தொண்டை, தொண்டை எண்டு நீர் சொன்னதை நான் கண்டுபிடிச்சனானே? முகத்தைத் துடையும். படியில சத்தம் கேக்குது.

– கணக்குச் சரி! கடைக்காரன் கதவைச் சாத்துறான், நான் காலை நடுவில வைச்சிட்டன். பன்னிரண்டு மில்லிமீற்றர், பசைக் குழாயும் இருக்கு. என்ன ரண்டு பேரும் செத்தவீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?

– உன்ர மனுசியின்ர தேத்தண்ணியைக் குடிச்சுப் பார், நீயும் இப்பிடித்தான் இருப்பாய்.

– ஜெயா, ஜூலியன்ர பந்து விளையாட்டு முடிஞ்சிருக்கும். நீர் போய்க் கூட்டிக்கொண்டு வாருமன். நான் இந்தத் தூசியோட எப்பிடிப் போறது?

– ஓம், போறன். அல்பேர்ட் அண்ணை, நான் வருமட்டும் நிப்பியள்தானே?

– மூண்டு மணிக்கு முதல் துளைக்க ஏலாது. எங்கை போறது? போட்டு வாரும்.

– ... கதவு சாத்தினது கேட்டுது. அண்ணை, சின்னத் திறப்பு ரண்டும் எங்கை?

– அது வந்து யாகோப்பு, எண்ணெய் விட்டுத் திருப்பினனான்... ஒண்டு பூட்டுக்குள்ள முறிஞ்சு...

– உங்கட சட்டைப் பைக்குள்ள கிலுங்குது. அங்கையே இருக்கட்டும் அண்ணை. நான் கேட்டாலும் தராதையுங்கோ.